மணிக்கட்டின் மேல் ஏழு கிலோ!

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு பிற்பகல். முதலாண்டு மாணவர்கள் திருகு அளவியைக் கொண்டு மெல்லிய கம்பி ஒன்றின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் முடித்துவிட்டார்கள். ஒரு மாணவர் மட்டும் திருகைப் பிடிப்பதும் விடுவதுமாகத் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

"விரல் மரத்துப் போகிறது சார். சுண்டு விரலும் மோதிர விரலும் என்னுடையவை போலவே இல்லை."

வலது உள்ளங்கையில் பாதி ஆறிய சிராய்ப்பு ஒன்றும் இருந்தது. முதலில் "சாலையில் எண்ணெய் கொட்டிக் கிடந்தது சார், வழுக்கிவிட்டது" என்றார். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகுதான் உண்மை வெளிவந்தது. கடன் வாங்கி அவருடைய தந்தை ஒரு ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் நாள்தோறும் போகவர 50 கிலோமீட்டர். ஒரு மாலையில் புறவழிச்சாலையில் கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே வந்திருக்கிறது. வலது கை பிரேக்கைத் தேடியது. விரல்களில் உணர்ச்சியே இல்லை. அரை வினாடி தாமதம். கன்று தப்பியது; இவர் விழுந்தார். வீட்டில் சொல்லவில்லை.

"அப்பாவுக்குத் தெரிந்தால் வண்டியை விற்றுவிடுவார் சார். நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்" என்றார்.

அரை வினாடி என்பது சிறிய காலமா? 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 16.7 மீட்டர் ஓடுகிறது. அரை வினாடியில் 8 மீட்டருக்கும் மேல்! ஒரு வகுப்பறையின் நீளத்தை அது பிரேக் இல்லாமலே கடந்துவிடும். ஆகவே நண்பர்களே, வண்டியில் சுகமாக உட்காருவது சொகுசைப் பற்றிய பேச்சு அல்ல. மரத்துப்போன கை, வலிக்கும் முதுகு, காய்ந்துபோன உடல் ஆகிய மூன்றும் ஓட்டுபவரின் கவனத்தைத் திருடிவிடும். இதன் பின்னால் உள்ள இயற்பியலை இப்போது பார்ப்போமா?

முன்னே சாயும் உடல்

உங்கள் தெருவில் நிற்கும் ஒரு மொபெட்டையும் ஒரு ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிளையும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மொபெட்டில் கைப்பிடி உயரமாகவும் பின்னால் வளைந்தும் இருக்கும். கால்கள் முன்னே நீண்டிருக்கும். ஓட்டுபவர் நாற்காலியில் உட்காருவது போல நிமிர்ந்து உட்காருகிறார்.

ஸ்போர்ட்ஸ் வண்டியிலோ கைப்பிடி தாழ்வாக, பெட்ரோல் டாங்கின் மேல்மட்டத்துக்கு அருகில் இருக்கும். கால் வைக்கும் இடம் உயரமாகவும் பின்தள்ளியும் இருக்கும். எனவே ஓட்டுபவரின் உடல் இடுப்பிலிருந்து முன்னே சாய்ந்துவிடுகிறது. முழங்கால்கள் நன்றாக மடங்குகின்றன. சாலையைப் பார்க்க வேண்டுமே! அதற்காகக் கழுத்து பின்புறமாக வளைகிறது.

ஏன் இப்படி அமைத்தார்கள்? ஓட்டுபவரை வருத்துவதற்காகவா? இல்லை, காற்றுக்காக!

உப்புவெளியில் படுத்துச் சென்றவர்

1948 செப்டம்பர் 13. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் உள்ள பான்வில் உப்புவெளி. ரோலி ஃப்ரீ என்ற பந்தய வீரர் வின்சென்ட் என்னும் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிளில் வேகச் சாதனைக்கு முயன்றார். தோலாடை அணிந்து ஓட்டியபோது அந்த ஆடையே காற்றில் கிழிந்துவிட்டது. மணிக்கு 150 மைல் என்ற எல்லைக்குச் சற்றே கீழே அவர் நின்றுபோனார். என்ன செய்தார் தெரியுமா? தோலாடையைக் கழற்றி எறிந்தார். நீச்சல் உடையோடு வண்டியின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். கால்கள் பின்சக்கரத்துக்கு மேலே வால் போல நீண்டிருந்தன. அந்த ஓட்டத்தில் மணிக்கு 150.313 மைல், அதாவது ஏறத்தாழ 242 கி.மீ. வேகத்தை எட்டினார்! (இது யாரும் பின்பற்றத் தக்க செயல் அல்ல. அந்த உப்பின் மேல் விழுந்திருந்தால் அவருடைய தோல் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.)

அவர் இயந்திரத்தின் திறனைக் கூட்டவில்லை. காற்றில் மோதும் பரப்பைக் குறைத்தார், அவ்வளவுதான்.

ஒரு பொருளின் மீது காற்று செலுத்தும் தடைவிசை, அந்தப் பொருள் காற்றுக்குக் காட்டும் பரப்பையும், வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. வேகம் 2 மடங்கானால் விசை 4 மடங்கு. 3 மடங்கானால் 9 மடங்கு. பொறியாளர்கள் இதை நுட்பமாக ஆராயத் தொடங்கினார்கள். இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் உள்ள மண்டெல்லோ என்னும் ஊரில், மோட்டோ குட்சி நிறுவனம் 1950களில் ஒரு காற்றுச் சுரங்கத்தைக் கட்டியது. முழு அளவு மோட்டார் சைக்கிளையும் அதன்மேல் ஓட்டுபவரையும் உள்ளே வைத்து, விசிறியால் காற்றை வீசச் செய்து விசையை அளந்தார்கள்.

ஸ்போர்ட்ஸ் வண்டியில் உட்காரும் கோலம் இவ்வாறு பந்தயத் தடத்தில் பிறந்தது. அங்கே அது மிகப் பொருத்தமானது. கடைத்தெருவுக்கு வந்தபோதுதான் தொல்லையும் கூடவே வந்தது. எப்படி?

ஒரு நெம்புகோல் கணக்கு

நம் மாணவரின் எடை 60 கிலோ. மனித உடலில் இடுப்புக்கு மேலே உள்ள பகுதி, அதாவது தலை, கைகள், உடற்பகுதி எல்லாம் சேர்ந்து மொத்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே 40 கிலோ.

இந்த மேலுடலை ஒரு நெம்புகோலாகக் கொள்வோம். இடுப்பு மூட்டுதான் ஆதாரப்புள்ளி. மேலுடலின் ஈர்ப்பு மையம் இடுப்பிலிருந்து சுமார் 33 செ.மீ. தொலைவில் உள்ளது. நிமிர்ந்து உட்கார்ந்தால் ஈர்ப்பு மையம் இடுப்புக்கு நேர் மேலே நிற்கும். உடலைச் சாய்க்கும் திருப்புத்திறன் ஏதும் இல்லை.

இப்போது உடல் செங்குத்திலிருந்து 40° முன்னே சாய்கிறது. ஈர்ப்பு மையம் இடுப்பிலிருந்து கிடைமட்டமாக முன்னே நகரும் தொலைவு:

0.33 × சைன் 40° = 0.33 × 0.64 = 0.21 மீட்டர்

திருப்புத்திறன் = 40 × 0.21 = ஏறத்தாழ 8.5 கிலோ-மீட்டர்.

இந்தத் திருப்புத்திறன் உடலைக் குப்புறத் தள்ளப் பார்க்கிறது. இதை எதிர்க்க இருவர்தான் உண்டு. ஒருவர் முதுகுத் தசை, மற்றவர் கை. முதுகுத் தசை சோர்ந்து வேலையை விட்டுவிட்டால் சுமை முழுவதும் கைக்கு வந்துசேரும். கைப்பிடி இடுப்பிலிருந்து கிடைமட்டமாக 60 செ.மீ. முன்னே இருக்கிறது என்றும், கை நேர் கீழாக அழுத்துகிறது என்றும் கொண்டால்:

கைகளின் மேல் உள்ள சுமை = 8.5 ÷ 0.6 = ஏறத்தாழ 14 கிலோ.

இரண்டு கைக்கும் பங்கிட்டால் ஒவ்வொரு கைக்கும் 7 கிலோ! ஒவ்வொரு மணிக்கட்டின் மேலும் ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் ஏழை அடுக்கி, அரை மணி நேரம் அப்படியே வைத்திருங்கள் என்றால் சம்மதிப்பீர்களா?

இதே கணக்கை மொபெட்டுக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே சாய்வு 5° தான். திருப்புத்திறன் 1.2 கிலோ-மீட்டருக்கும் குறைவு. முதுகுத் தசை அதைச் சிரமமில்லாமல் தாங்கிக்கொள்ளும். கைகளுக்கு வண்டியைத் திருப்புவது மட்டுமே வேலை.

காற்று என்னும் தலையணை

அப்படியானால் பந்தய வீரரின் மணிக்கட்டு ஒடிந்துபோக வேண்டாமா? ஒடியவில்லை. காரணம், முன்னே சாயும் அவருடைய மார்பை எதிர்க்காற்று தாங்குகிறது.

அதையும் கணக்கிடுவோம். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 1.2 கிலோ. சாய்ந்திருக்கும் மேலுடல் காற்றுக்குக் காட்டும் பரப்பு 0.35 சதுர மீட்டர் என்றும், தடைக்கெழு 1 என்றும் எடுத்துக்கொள்வோம். காற்றின் விசை உடலின் நடுவில், இடுப்புக்கு 25 செ.மீ. உயரத்தில் செயல்படுவதாகவும் கொள்வோம். அது உடலைப் பின்னே தள்ளுவதால் எடையின் திருப்புத்திறனில் ஒரு பகுதியை நீக்கிவிடும். மீதிதான் கைகளுக்கு. விடைகள் இதோ:

வேகம் 40 கி.மீ. — காற்றின் விசை 2.6 கிலோ எடை — ஒரு கைக்கு 6.5 கிலோ
வேகம் 60 கி.மீ. — காற்றின் விசை 6 கிலோ எடை — ஒரு கைக்கு 5.8 கிலோ
வேகம் 80 கி.மீ. — காற்றின் விசை 10.6 கிலோ எடை — ஒரு கைக்கு 4.9 கிலோ
வேகம் 100 கி.மீ. — காற்றின் விசை 16.5 கிலோ எடை — ஒரு கைக்கு 3.6 கிலோ
வேகம் 140 கி.மீ. — காற்றின் விசை 32 கிலோ எடை — ஒரு கைக்குக் கால் கிலோவுக்குச் சற்றே மேல்

இந்த எண்கள் தோராயமானவையே. ஆளுக்கு ஆள், வண்டிக்கு வண்டி மாறும். முன்கண்ணாடி காற்றை மறைத்தாலும் மாறும். ஆனால் அவை சொல்லும் செய்தி மாறாது. 140 கி.மீ. வேகத்தில் காற்றே ஒரு தலையணையாகி உடலைத் தாங்கிவிடுகிறது. அதற்கும் மேலான வேகத்தில் பந்தய வீரர் மார்பை டாங்கின் மேலேயே கிடத்தி, முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார். அப்போதும் மணிக்கட்டுக்கு ஓய்வுதான்.

அந்த வேகம் பந்தயத் தடத்துக்கு உரியது; நம் சாலைக்கு உரியதன்று. நம் மாணவரோ பேருந்துக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவே 40 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து வருகிறார். அங்கே தலையணை இல்லை. 40° சாய்வு மட்டும் இருக்கிறது. அவருடைய விரல் மரத்துப்போன புதிர் பாதி விடுபட்டுவிட்டது அல்லவா?

இதற்கு மாறாக, நெடுந்தூரம் செல்வோரை நிமிர்த்தி உட்காரவைத்தால் நெடுஞ்சாலையில் காற்று அவர்களைப் பின்னே தள்ளும். கைப்பிடியைப் பற்றித் தொங்கித் தோள் வலிக்கும். 1976இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 100 ஆர்.எஸ். என்னும் வண்டி இதற்கு ஒரு தீர்வு கண்டது. இத்தாலியில் பினின்ஃபரீனா நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அதன் முன்கூட்டை வடிவமைத்தார்கள். கூடு காற்றைப் பிளந்து ஓட்டுபவரைச் சுற்றி அனுப்பிவிடும். ஆக, சுகம் என்பது மெத்தையில் மட்டும் இல்லை. எந்த வேகத்தில் போகிறோம், எந்தக் கோணத்தில் சாய்கிறோம் என்ற இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

பிரேக் போடும்போது

ஓடும் வண்டி நிற்கும்போது, நிலைமத்தின் காரணமாக உங்கள் உடல் முன்னேயே செல்லப் பார்க்கிறது. சற்று அழுத்திப் பிரேக் போட்டால் வண்டி வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது என்போம். 40 கிலோ மேலுடலையும் அதே வீதத்தில் நிறுத்த வேண்டிய விசை:

40 × 5 = 200 நியூட்டன். அதாவது ஏறத்தாழ 20 கிலோ எடை!

இதையும் கைகளே தாங்கினால் ஏற்கெனவே உள்ள 14 கிலோவோடு இதுவும் சேரும். அதுமட்டுமா? விறைத்த கைகள் கைப்பிடியைத் தள்ளுவதால் முன்சக்கரமும் தடுமாறும். பிரேக்கை நுட்பமாக அழுத்த வேண்டிய விரல்கள் உடலைத் தாங்குவதிலேயே ஈடுபட்டிருக்கும்.

இங்கே கை கொடுப்பது முழங்கால்! ஸ்போர்ட்ஸ் வண்டியின் டாங்கில் இரு பக்கமும் ஒரு பள்ளம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக மட்டும் அன்று. முழங்கால்களால் டாங்கைக் கவ்விப் பிடித்தால் உராய்வு விசை உடலைத் தடுத்து நிறுத்தும். உராய்வுக் கெழு 0.5 என்று வைத்தால், ஒவ்வொரு முழங்காலும் 10 கிலோ அளவுக்கு அழுத்தினால் இரண்டும் சேர்ந்து 10 கிலோ உராய்வைத் தரும். பிரேக்கின் சுமையில் பாதி தீர்ந்தது. தொடைத் தசை உடலிலேயே வலிமை மிக்க தசைகளில் ஒன்று. வலியவர் இருக்க மெலியவரான மணிக்கட்டு ஏன் சுமக்க வேண்டும்?

நடுங்கும் கைப்பிடி

மாணவருக்குச் சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் மரத்தன. மற்ற விரல்களுக்கு ஏன் அவ்வளவு தொல்லை இல்லை?

முழங்கையின் உட்புறம் மேசை விளிம்பில் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்வது போலச் 'சுரீர்' என்று சுண்டு விரல் வரை ஓடும். நீங்கள் எல்லோரும் அனுபவித்திருப்பீர்கள். அங்கே இடிபடுவது எலும்பு அன்று, அல்நார் நரம்பு. அது முழங்கையைக் கடந்து, உள்ளங்கையின் அடிப்பகுதியில் ஒரு குறுகிய வழியாக நுழைந்து, சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் செல்கிறது. 1861இல் இந்த வழியை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் குய்யோன் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி 7 கிலோவைச் சுமத்தினால் அந்த நரம்பு நசுங்குகிறது. நெடுந்தூரம் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் இதே தொல்லை வருவதுண்டு.

இதோடு அதிர்வும் சேர்கிறது. இயந்திரம் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றினால் வினாடிக்கு 100 சுற்று. பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதால் கைப்பிடியும் வினாடிக்கு 100 முறை நடுங்குகிறது. பிஸ்டனின் ஓட்டத்தால் எழும் விசை, சுற்றும் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. 3000 சுற்றில் இருந்த விசை 6000 சுற்றில் 4 மடங்காகும்! கைப்பிடியின் இயல்பான அதிர்வெண்ணும் இயந்திரத்தின் அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டால் ஒத்ததிர்வு ஏற்படும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் கைப்பிடி அதிகமாக நடுங்குவதற்கு இதுவே காரணம்.

கைப்பிடியின் இரு முனைகளிலும் உருண்டையான இரும்புக் கட்டிகளைப் பார்த்திருக்கிறீர்களா? நிறை கூடினால் அதிர்வின் வீச்சு குறையும். ஒத்ததிர்வு எழும் அதிர்வெண்ணும் வழக்கமாக ஓட்டும் வேகத்தை விட்டு விலகிவிடும். சிலர் அழகுக்காக அவற்றைக் கழற்றிவிட்டு இலேசானவற்றைப் பூட்டுகிறார்கள். பிறகு கை மரக்கிறது என்று வருந்துகிறார்கள்!

அதிர்வு விரல்களை என்ன செய்யும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் விளக்கமாக ஆராய்ந்தார். இண்டியானா மாநிலத்தில் பெட்ஃபோர்டு என்ற ஊரில், காற்றழுத்தச் சுத்தியல் கொண்டு சுண்ணாம்புக்கல் செதுக்கிய தொழிலாளர்களின் விரல்கள் குளிர்ந்த வேளைகளில் வெளுத்து மரத்துப் போயின. ஆண்டுக்கணக்காக அதிர்ந்த கைகளில் இரத்தக் குழாய்கள் எளிதில் சுருங்கிவிட்டதே காரணம். மோட்டார் சைக்கிளின் அதிர்வு அந்தச் சுத்தியலின் அதிர்வைப் போலக் கொடியது அன்று. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: அதிரும் பொருளை எவ்வளவு இறுகப் பிடிக்கிறோமோ, அவ்வளவுக்கு அதிர்வு கைக்குள் இறங்கும்.

ஆகவே கைப்பிடியைக் குருவிக் குஞ்சைப் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும்; நசுக்கவும் கூடாது, பறக்கவிடவும் கூடாது. முழங்கையைச் சற்றே மடக்கி வைத்தால் கை ஒரு வில்சுருள் போலச் செயல்பட்டுக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். நீட்டி விறைத்த கை ஓர் இரும்புக் கம்பிக்குச் சமம். ஒவ்வொரு பள்ளத்தையும் தோள்வரை கொண்டுசெல்லும். மணிக்கட்டு மேலோ கீழோ ஒடிந்திராமல் முன்கையோடு ஒரே நேர்கோட்டில் இருப்பதும் முக்கியம்.

இருக்கையும் இரத்தமும்

அடுத்தது இருக்கை. 40 கிலோ எடை, 0.03 சதுர மீட்டர் பரப்பில் இறங்குவதாகக் கொள்வோம். அழுத்தம் = 392 ÷ 0.03 = ஏறத்தாழ 13,000 பாஸ்கல். பாதரச அளவில் சொன்னால் 98 மி.மீ. நம் தோலில் உள்ள மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில் அழுத்தம் சுமார் 30 மி.மீ. மட்டுமே. வெளியழுத்தம் அதைப்போல் 3 மடங்கு. இரத்தம் எப்படி ஓடும்? ஓட்டம் தடைப்படுவதால் எரிச்சலும் வலியும் உண்டாகின்றன.

மெத்தை மிருதுவாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். மிக மிருதுவான மெத்தை எடையால் முழுதும் அமுங்கி, அடியில் உள்ள பலகையைத் தொட்டுவிடும். பிறகு அது இருந்தும் இல்லாதது போல்தான். சற்றே கெட்டியான, அகலமான மெத்தையே எடையைப் பரப்பித் தாங்கும். எல்லாவற்றிலும் சிறந்த மருந்து காசில்லாதது: அரை மணிக்கு ஒரு முறை வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி நடப்பது. அழுத்தம் நீங்கிய உடனே இரத்தம் ஓடும்; நரம்பும் மூச்சு விடும்.

வெயிலில் ஓர் ஏமாற்று வித்தை

கோடையில் வண்டி ஓட்டுபவர் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, "ஆகா, என்ன காற்று!" என்று மகிழ்வதைப் பார்த்திருப்பீர்கள். இது சரிதானா?

நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35°. காற்று 28° ஆக இருந்தால் அது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும். காற்றே 40° ஆக இருந்தால்? வெப்பம் உயர்ந்த இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்குத்தான் பாயும். ஆகவே அந்தக் காற்று உங்களைச் சூடாக்கவே செய்யும். எவ்வளவு வேகமாக வீசுகிறதோ அவ்வளவு சூடு!

பிறகு ஏன் குளிர்கிறது? வியர்வை ஆவியாவதால். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2400 ஜூல் உள்ளுறை வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இதே முறையில்தான். ஆனால் பானையில் நீர் தீர்ந்தால்? வேகக் காற்றில் வியர்வை அரும்பியவுடனே காய்ந்துவிடுவதால், எவ்வளவு நீரை இழந்தோம் என்பதே தெரிவதில்லை. தலைவலி, கண் இருட்டல், கவனக் குறைவு ஆகியவை அதன் பின்விளைவுகள்.

அதனால்தான் பாலைவன மக்கள் உடலை மூடித் தளர்ந்த ஆடை அணிகிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் அதுவே விதி. காற்று ஓரளவு நுழையும் வலைப்பின்னல் மேற்சட்டை உடலை முழுதும் மூடியிருக்கட்டும். விழுந்தால் தோலையும் அது காக்கும். நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது.

நீங்களே செய்து பாருங்கள்

இந்தக் கணக்கு மெய்தானா என்று சோதிக்க மோட்டார் சைக்கிள் வேண்டாம். எடை பார்க்கும் சிறிய கருவி ஒன்று, ஒரு முக்காலி, தாழ்வான மேசை, ஒரு கோணமானி, நூலில் கட்டிய கல் ஆகியவை போதும்.

1. முக்காலியில் உட்காருங்கள். எதிரே மேசையின் மேல் எடைக்கருவியை வையுங்கள். உள்ளங்கைகளை அதன்மேல் பதியுங்கள். நிமிர்ந்திருக்கும்போது கருவி காட்டும் அளவைக் குறியுங்கள்.

2. இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். நண்பர் ஒருவர் தூக்குநூலையும் கோணமானியையும் கொண்டு சாய்வை அளக்கட்டும். 20°, 30°, 40° ஆகிய ஒவ்வொரு சாய்விலும் முதுகைத் தளர்த்தி அளவைக் குறியுங்கள். சாய்வின் சைன் மதிப்பையும் அளவையும் வரைபடத் தாளில் குறித்தால் ஏறத்தாழ ஒரு நேர்கோடு கிடைக்க வேண்டும்.

3. 40° சாய்விலேயே இருந்துகொண்டு, தொடைகளுக்கு நடுவே ஒரு தலையணையை இறுக்கி, வயிற்றுத் தசையையும் முதுகுத் தசையையும் சற்றே முறுக்குங்கள். கருவியின் முள் என்ன செய்கிறது?

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நம் மாணவரையே உட்காரவைத்துப் பார்த்தோம். முதுகைத் தளர்த்தியபோது முள் 13 கிலோவைத் தொட்டது. தொடையை இறுக்கி முதுகுக்கு வேலை கொடுத்தபோது 5 கிலோவுக்கு இறங்கியது. அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத்தனை நாளும் வண்டியைக் குறை சொன்னேன் சார்."

அதன் பிறகு

முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பினேன். நரம்பு நெடுநாள் நசுங்கினால் விரலின் தசைகளே மெலிந்துவிடக் கூடும். அங்கே இயற்பியல் ஆசிரியரின் அறிவுரை போதாது. மூன்று வாரம் வண்டியைத் தொடவே கூடாது என்றார் மருத்துவர்.

அன்று மாலையே மாணவர் தந்தையிடம் நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். எண்ணெய்க் கதையையும் திருத்திக்கொண்டார். தந்தை சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு, "கணக்கைப் போட்டுக் காட்டு" என்றாராம்! காட்டியிருக்கிறார். இப்போது அந்த வீட்டில் ஓர் ஒப்பந்தம். கல்லூரிக்குத் தந்தையின் பழைய மொபெட். அது 5° சாய்வு வண்டி அல்லவா? ஸ்போர்ட்ஸ் வண்டி ஞாயிறு காலையில் மட்டும், நெரிசல் இல்லாத சாலையில், அரை மணிக்கு ஒரு முறை ஓய்வோடு. தந்தை மொபெட்டைக் கொடுத்துவிட்டு எதில் வேலைக்குப் போகிறார் என்று கேட்டேன். "பேருந்தில் சார்" என்று சொல்லும்போது மாணவர் தலை குனிந்துகொண்டார்.

சென்ற மாதம் அவர் மீண்டும் திருகு அளவியைப் பிடித்தார். கம்பியின் விட்டத்தை நூற்றில் ஒரு மில்லிமீட்டர் வரை சரியாகச் சொன்னார்.

நண்பர்களே! கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட 18 வயது நிறைந்து, ஓட்டுநர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதுவரை உங்களுக்குக் காலம் இருக்கிறது. இன்று உங்கள் அண்ணனோ அக்காவோ மாமாவோ தாழ்ந்த கைப்பிடி வண்டியில் வந்து இறங்கிக் கையை உதறிக்கொண்டால், "சுண்டு விரல் மரக்கிறதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் எடைக்கருவியை எடுத்து வந்து மேசை மேல் வையுங்கள். நெம்புகோல் தத்துவம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று. ஒருவருடைய பிரேக் பிடிக்கும் கையையும் அது காக்கும்.